ஹரமைன் அதிவேக ரயில்: மூத்தவர்களை அழைத்துக்கொண்டு உம்ரா செல்வோருக்கு எந்த அளவுக்குப் பயன்படும்?

உம்ராவுக்குப் புறப்படும் நம் குடும்பங்களில் முழங்கால் வலியோ சர்க்கரை நோயோ உள்ள மூத்தவர் ஒருவராவது இருப்பார். கஅபாவைச் சுற்றிவரும் தவாஃபுக்கும், ஸஃபா, மர்வா இடையே நடக்கும் ஸஃயிக்கும் சக்கர நாற்காலி கிடைக்கும் என்பதை விசாரித்துத் தெரிந்துகொள்ளும் நாம், மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையிலுள்ள ஏறத்தாழ 450 கிலோமீட்டரை அவர் எப்படிக் கடப்பார் என்பதை மட்டும் முகவரின் பொறுப்பில் விட்டுவிடுகிறோம். முகவரும் பெரும்பாலும் பேருந்தைத்தான் ஏற்பாடு செய்வார். வழியில் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் நின்று செல்லும் பேருந்துக்கு ஐந்து, ஆறு மணி நேரம் ஆகும். கூட்டமான நாட்களில் அதற்கு மேலும் ஆகும். அந்தப் பேருந்துக்கு மாற்றாக ஹரமைன் அதிவேக ரயிலில் என் தாயாரையும் மனைவியையும் அழைத்துச் சென்ற அனுபவத்தில் இதை எழுதுகிறேன். இளைஞர்களுக்கு எதில் போனாலும் சரிதான். மூத்தவர்களுக்கு இது எந்த அளவுக்கு உதவுகிறது, எங்கே உதவாமல் போகிறது என்பதையே இங்கே பார்க்கப் போகிறேன்.

முதலில் சேவையைப் பற்றிச் சில விவரங்கள். மன்னர் சல்மான் 2018 செப்டம்பர் 25 அன்று இதைத் தொடங்கிவைத்தார். அடுத்த மாதம் பொதுமக்களுக்கு ஓடத் தொடங்கியது. மக்கா, ஜித்தா நகரின் ஸுலைமானிய்யா, ஜித்தா மன்னர் அப்துல் அஜீஸ் விமான நிலையம், ராபிக் அருகே உள்ள மன்னர் அப்துல்லா பொருளாதார நகரம், மதீனா என ஐந்து நிலையங்கள் உண்டு. மணிக்கு 300 கிலோமீட்டர் வரை செல்லும் மின்சார ரயில்களை ஸ்பெயின் நாட்டு டால்கோ நிறுவனம் செய்து கொடுத்திருக்கிறது. ஒரு ரயிலில் 417 இருக்கைகள். எகானமி, பிசினஸ் என இரண்டு வகுப்புகள், நடுவில் ஓர் உணவகப் பெட்டி. மக்காவிலிருந்து மதீனாவுக்கு, நிற்கும் நிலையங்களைப் பொறுத்து, ஏறத்தாழ 2 மணி 20 நிமிடம் ஆகிறது. ரயில் ஓட்டுநர் பயிற்சியை முடித்த 32 சவூதிப் பெண்கள் 2023 தொடக்கத்தில் இச்சேவையில் சேர்ந்ததையும் குறிப்பிட வேண்டும். ஹரமைன் வழித்தடத்தை நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சி தரும் செய்திகளுள் அதுவும் ஒன்று.

மதீனாவுக்கு ரயில் வருவது இது முதல் தடவையல்ல. உஸ்மானியர் காலத்தில் டமாஸ்கஸிலிருந்து போடப்பட்ட ஹிஜாஸ் ரயில் பாதை 1908இல் மதீனாவை எட்டியது. இந்திய முஸ்லிம்கள் உட்பட உலகெங்கும் இருந்த முஸ்லிம்கள் அந்தப் பாதைக்கு நன்கொடை அனுப்பினார்கள். ஆனால் அது மதீனாவோடு நின்றுவிட்டது. மக்கா வரை நீளவேயில்லை. முதல் உலகப் போரில் பாதை சிதைந்த பிறகு ஹாஜிகள் மறுபடியும் ஒட்டகத்துக்கும், பின்னர் மோட்டார் வண்டிக்கும் திரும்பினார்கள். நபியவர்களின் பள்ளியான மஸ்ஜிதுந் நபவியிலிருந்து எட்டிவிடும் தூரத்தில் அன்பரிய்யா பகுதியில் அந்தப் பழைய நிலையம் இன்றும் இருக்கிறது. ஜியாரத் செல்லும் நாளில் அதையும் ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள். நம் முன்னோர் காசு கொடுத்தும் கண்ணால் காணாத இணைப்பு 110 ஆண்டுகளுக்குப் பிறகு நமக்குக் கிடைத்திருப்பதன் அருமை அங்கே நிற்கும்போது விளங்கும்.

இனிப் பயணத்துக்கு வருகிறேன். பேருந்தைவிட ரயில் மூத்தவர்களுக்கு எவ்வளவு மேலானது என்பதை வேகத்தை வைத்து மட்டும் அளக்கக் கூடாது. சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள், பேருந்துப் பயணம் என்றால் முந்தைய வேளையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். வழியில் எங்கே நிறுத்துவார்கள், நிறுத்தும் இடத்தில் கழிப்பறை எப்படி இருக்கும், தம் ஒருவருக்காக நாற்பது பேரைக் காக்கவைப்பதா என்றெல்லாம் அவர்களுக்குள் ஓடும் கவலையை வெளியே சொல்ல மாட்டார்கள். அந்த வறண்ட வெப்பத்தில் தண்ணீர் குடிக்காமல் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, மதீனாவில் இறங்கியதும் கால் வீக்கத்தோடும் தலைசுற்றலோடும் படுத்துவிடுகிறவர்களை ஒவ்வொரு குழுவிலும் பார்க்கலாம். நபியவர்களுக்கு ஸலாம் சொல்ல ஆயுள் முழுவதும் காத்திருந்தவர், போய்ச் சேர்ந்த முதல் நாளை விடுதி அறையில் கழிக்கும்படி ஆகிறது.

ரயிலில் அந்தக் கவலை இல்லை. பெட்டிக்குள்ளேயே கழிப்பறை இருக்கிறது. நடைபாதை சமமாக இருக்கிறது. ஓட்டத்தில் குலுக்கல் மிகக் குறைவு. என் தாயார் ஒரு கையால் இருக்கைகளின் முதுகைப் பிடித்துக்கொண்டு, துணைக்கு யாரையும் அழைக்காமல் தாமே எழுந்துபோய் வந்தார். பெட்டியில் இருந்த திரை 300 என்று காட்டிக்கொண்டிருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே வெகு தொலைவிலிருந்த மலைகள் மெதுவாகவே நகர்வதைப் பார்த்துவிட்டு, “வண்டி மெள்ளத்தான் போவுது, என்ன வாப்பா?” என்று கேட்டார். தண்ணீர் பாட்டிலை அவர் வழக்கம்போலக் குடித்து முடித்திருந்தார். மதீனாவில் இறங்கிய அன்றே அஸர் தொழுகைக்கு மஸ்ஜிதுந் நபவிக்கு நடந்தும் வந்தார். பேருந்துக் கட்டணத்துக்கும் ரயில் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்கு அந்த ஒரு தொழுகையே ஈடு என்பது என் எண்ணம்.

எகானமி வகுப்பில் ஒரு வரிசைக்கு நான்கு இருக்கைகள், பிசினஸ் வகுப்பில் மூன்று. எகானமியிலேயே கால் நீட்ட இடம் போதுமானதாக இருப்பதால், இரண்டரை மணி நேரத்துக்குள் முடியும் பயணத்துக்கு பிசினஸ் தேவையில்லை. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும், உடல் பருத்தவர்களுக்கும் மட்டும் அந்தக் கூடுதல் அகலம் பயன்படும். உணவகப் பெட்டியில் தேநீர், காபி, சாண்ட்விச் போன்றவை கிடைக்கும். நம் மூத்தவர்களின் நாக்குக்கு அது ஒத்துவராது என்பதால், விடுதியிலேயே இட்லியோ ரொட்டியோ கட்டிக்கொண்டு, பேரீச்சம்பழத்தோடு கையில் வைத்திருப்பது நல்லது. சர்க்கரை நோயாளிகள் எந்த ஏற்பாட்டை நம்பியும் வெறுங்கையோடு ஏறக் கூடாது.

குளிரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரயிலின் உள்ளே குளிர்சாதனம் கடுமையாக இருக்கும். சாதாரண உடையில் இருப்பவர்கள் சமாளித்துவிடுவார்கள். மதீனாவிலிருந்து உம்ராவுக்காகத் தையலில்லாத இஹ்ராம் துணி மட்டும் உடுத்தி வரும் ஆண்கள், அதிலும் வயதானவர்கள், நடுங்கிப்போவார்கள். கூடுதலாக ஒரு தடித்த துண்டையோ போர்வையையோ கைப்பையில் வைத்திருந்தால் தோளுக்கு மேல் போர்த்திக்கொள்ளலாம். தைத்த சட்டையாக இல்லாதவரை அதில் தடையில்லை. தலையை மட்டும் மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதேபோல், உம்ரா செய்வதாக மனத்தில் உறுதி கொண்டு நிய்யத் வைத்த பிறகு நறுமணம் ஏற்றிய ஈரத் துடைப்புக் காகிதங்களைப் பயன்படுத்தாதீர்கள். உணவோடு யாராவது நீட்டினால் பழக்கதோஷத்தில் கிழித்துக் கையைத் துடைத்துவிடுவோம். மணமில்லாத காகிதத்தை ஊரிலிருந்தே வாங்கிச் செல்வது பாதுகாப்பு.

பயணப் பெட்டிகள்தாம் இந்த ரயிலில் மூத்தவர்களோடு செல்வோருக்கு வரும் முதல் சோதனை. பேருந்தில் பெட்டிகளை விடுதி வாசலிலேயே ஆட்கள் அடியில் ஏற்றிவிடுவார்கள். அடுத்த விடுதி வாசலில் இறக்கிக் கொடுப்பார்கள். ரயிலில் அதற்கு ஆள் இல்லை. நிலைய நுழைவாயிலில் சோதனைக் கருவி, பிறகு டிக்கெட் வாயில், பிறகு மின்படி அல்லது மின்தூக்கி, பிறகு நடைமேடை, அதன் பின் பெட்டியின் ஓரத்திலுள்ள அடுக்கு என எல்லா இடத்திலும் உங்கள் சுமையை நீங்களே இழுத்துச் செல்ல வேண்டும். பெரிய பெட்டிகளை வைக்கும் அடுக்கு எல்லோருக்கும் போதுமானதாக இருப்பதில்லை. கடைசியில் ஏறுகிறவர்கள் பெட்டியை வைக்க இடம் தேடி அலைவார்கள். அளவுக்கும் எடைக்கும் கட்டுப்பாடு உண்டு. டிக்கெட் எடுக்கும்போது அன்றைய விதியைப் படித்துக்கொள்வது அவசியம். கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகளையும், பொதி போலக் கட்டிய போர்வை மூட்டைகளையும் எடுத்துக்கொண்டு இந்த ரயிலுக்கு வரவே கூடாது.

அதனால் ஆளுக்கு ஒரு நடுத்தர அளவுச் சக்கரப் பெட்டி, ஒரு தோள்பை என்று ஊரிலேயே முடிவு செய்துவிடுங்கள். மூவர் செல்லும் குடும்பத்தில் மூத்தவரின் பெட்டியை இழுக்க ஒரு கையும், அவரைப் பிடித்துக்கொள்ள ஒரு கையும் வேண்டும் என்பதைக் கணக்கில் வையுங்கள். பரிசுப் பொருட்களையும் பேரீச்சம்பழத்தையும் முதல் ஊரிலேயே வாங்கிச் சுமக்காமல், விமானம் ஏறப்போகும் ஊரில் வாங்குவது நல்லது. ஜம்ஜம் தண்ணீரை ரயிலில் தூக்கிவர வேண்டிய தேவையே இல்லை. ஊருக்குக் கொண்டுசெல்ல 5 லிட்டர் பெட்டியை ஜித்தா விமான நிலையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம்.

டிக்கெட்டை அலுவல்பூர்வ இணையதளத்திலோ செயலியிலோ நேரடியாக எடுக்கலாம். நிலையங்களிலும் விற்பனை உண்டு. கட்டணம் ஒரே மாதிரியாக இருப்பதில்லை. நாள், நேரம், எவ்வளவு முன்பாக எடுக்கிறீர்கள் என்பவற்றைப் பொறுத்து மாறும். ரமளான் மாதத்திலும், சவூதியில் வார விடுமுறையான வெள்ளி, சனியை ஒட்டிய நாட்களிலும் இருக்கைகள் வேகமாக நிரம்பும். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு நான்கு எகானமி டிக்கெட்டின் கூட்டுத்தொகை ஒரு வாடகைக் காரின் கட்டணத்தை எட்டிவிடும், சில நாட்களில் தாண்டியும் விடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஆகவே, ரயில் எல்லோருக்கும் மலிவான வழி என்று நான் சொல்ல மாட்டேன்.

பதிவு செய்யும்போது கடவுச்சீட்டு எண் கேட்பார்கள். ஏறும்போது கடவுச்சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். நம்மவர்கள் பலருக்குக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும். அல்லது தந்தையின் பெயர் அங்கே இருக்கும். படிவத்தில் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருப்பதால், விசாவில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதையே பார்த்து நிரப்புங்கள். இந்திய வங்கி அட்டையில் பணம் செலுத்துவதாக இருந்தால், வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கான அனுமதியை ஊரிலேயே வங்கிச் செயலியில் திறந்துவைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உறுதிப்படுத்தும் குறுஞ்செய்தி வராமல் மக்காவில் விழித்துக்கொண்டிருப்பீர்கள். டிக்கெட்டைக் கைப்பேசியில் வைத்திருப்பதோடு ஒரு தாளிலும் அச்சிட்டு மூத்தவரின் பையில் போட்டுவையுங்கள். கூட்டத்தில் பிரிந்துபோனால் அவர் யாரிடமாவது காட்டுவதற்கு அது உதவும். உம்ரா விசாவோடு விடுதி, உள்நாட்டுப் போக்குவரத்து விவரங்களையும் முன்கூட்டியே பதிவு செய்யும் நடைமுறை இப்போது இருப்பதால், எந்தப் பயணத்தை ரயிலில் செய்யப் போகிறீர்கள் என்பதை விசாவுக்குக் கொடுக்கும்போதே முகவரிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால், பேருந்துக்கும் ரயிலுக்கும் இரட்டைச் செலவு ஆகும்.

அடுத்தது நிலையங்கள். மக்கா நிலையம் ருஸைஃபா பகுதியில், கஅபா உள்ள பள்ளியான ஹரமிலிருந்து 3 முதல் 4 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மதீனா நிலையமோ நகரின் கிழக்குப் பக்கம், மஸ்ஜிதுந் நபவியிலிருந்து இன்னும் தள்ளி இருக்கிறது. இரண்டுமே நடந்து போகும் தூரமல்ல. பிரிட்டனின் ஃபாஸ்டர் நிறுவனம் பங்கேற்று வடிவமைத்த இந்த நிலையங்கள் உயர்ந்த வளைவுகளும் விசாலமான கூடங்களுமாக மிக அழகாக இருக்கின்றன. ஆனால் அந்த விசாலமே முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம். வாசலில் இறங்கி நடைமேடை சேர்வதற்குள் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கும். நடக்க இயலாதவர் என்றால், உள்ளே நுழைந்ததும் பணியாளரிடம் சக்கர நாற்காலி கேளுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு பாதி தூரம் நடக்கவைத்துவிட்டுக் கேட்பதில் பயனில்லை. என் தாயார் முதலில் மறுத்தார். “ஹரமில் நடக்கிறதுக்கு இந்தக் காலை மிச்சம் வைங்க உம்மா” என்று என் மனைவி சொன்ன பிறகே உட்கார்ந்தார்.

புறப்படும் நேரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ரயில் அட்டவணையை மட்டும் பார்க்காமல் தொழுகை நேரத்தையும் பாருங்கள். ஜமாஅத்துக்குச் சற்று முன்பும், முடிந்த பிறகு நெடுநேரமும் ஹரமைச் சுற்றியுள்ள சாலைகளில் வண்டிகள் நகராது. சில தெருக்களை மூடியும் விடுவார்கள். ளுஹர் தொழுதுவிட்டு உடனே கிளம்பி நிலையத்துக்குப் போய்விடலாம் என்ற கணக்கு பல சமயங்களில் தப்பிவிடும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தை ஒட்டிய ரயிலை எடுக்கவே வேண்டாம். ஃபஜ்ர் முடிந்து, காலை உணவும் முடிந்து, சாலை ஓய்ந்திருக்கும் முற்பகல் நேரம்தான் மூத்தவர்களுக்கு ஏற்றது. விடுதியிலிருந்து ரயில் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பாகவே வெளியேறிவிடுங்கள். ரயில் குறித்த நிமிடத்தில் கிளம்பும், அதற்கு முன்பே வாயிலும் மூடப்படும். நம்மூரில் போல ஓடிப்போய் ஏறிக்கொள்ள முடியாது. சீக்கிரம் சேர்ந்துவிட்டாலும் பாதகமில்லை. நிலையத்திலேயே தொழுமிடமும் ஒளூ செய்யும் வசதியும் இருக்கின்றன. பயணி என்ற முறையில் ளுஹரையும் அஸரையும் சுருக்கியும் சேர்த்தும் தொழுவதில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. ஷாஃபியும் ஹனஃபியும் கலந்திருக்கும் நம் குடும்பங்கள் இதை ஊரிலேயே தம் ஆலிமிடம் கேட்டுக்கொண்டால், நடைமேடையில் நின்று விவாதிக்க வேண்டிவராது.

நிலையத்திலிருந்து விடுதிக்குச் செல்லும் கடைசிப் பகுதியைத்தான் பெரும்பாலோர் யோசிப்பதில்லை. எங்கள் பயணத்தை ஏற்பாடு செய்தவர்கள் மதீனா நிலையத்தில் வேன் காத்திருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். இறங்கிப் பார்த்தபோது வேன் இல்லை; தொலைபேசியில் “இதோ வந்துகொண்டிருக்கிறது” என்ற பதில்தான் திரும்பத் திரும்பக் கிடைத்தது. வெயிலில் தாயாரை நிறுத்திவைக்க மனமில்லாமல், நிலையத்தின் முறையான டாக்சி வரிசையில் நின்று போய்ச் சேர்ந்தோம். அங்கே மீட்டர் டாக்சியும் கிடைக்கும், ஊபர், கரீம் போன்ற செயலிகளிலும் வண்டி அழைக்கலாம். நகரப் பேருந்தும் உண்டு. வாசலில் அருகே வந்து கூப்பிடும் தனியார் வண்டிகளைத் தவிர்த்துவிடுங்கள். முகவர் எதைச் சொன்னாலும், ரயில் டிக்கெட்டோடு இரு முனைகளிலும் டாக்சிக்கான தொகையை உங்கள் கையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். விடுதியின் பெயரையும் முகவரியையும் அரபு எழுத்தில் எழுதி வாங்கி வைத்திருப்பது ஓட்டுநரோடு பேசும் நேரத்தைப் பாதியாகக் குறைக்கும். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், 2 மணி 20 நிமிட ரயில் பயணம் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குச் சேரும்போது ஐந்து மணி நேரத்தை நெருங்கிவிடுகிறது. நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக ரயில் எடுக்கிறவர்கள் ஏமாறுவார்கள். உடலை மிச்சப்படுத்துவதற்காக எடுக்கிறவர்கள் ஏமாற மாட்டார்கள்.

இப்போது மீக்காத், அதாவது உம்ராவுக்குச் செல்கிறவர் இஹ்ராம் இல்லாமல் தாண்டக் கூடாத எல்லை. இந்த ரயிலில் செல்ல நினைக்கும் எவரும் மிகக் கவனமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். மக்காவிலிருந்து மதீனாவுக்குப் போகும்போது இஹ்ராமும் இல்லை, மீக்காத்தும் இல்லை. மனம் முழுக்க ஸலவாத்தோடு உட்கார்ந்திருந்தால் போதும். மதீனாவிலிருந்து உம்ரா செய்யும் எண்ணத்தோடு மக்காவுக்கு வருகிறவர்களுக்கோ துல்ஹுலைஃபாதான் மீக்காத். அப்யார் அலி என்று இன்று அழைக்கப்படும் அந்த இடம் மஸ்ஜிதுந் நபவியிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மீக்காத்துகளிலேயே மக்காவுக்கு மிகத் தொலைவானதும் அதுதான். பேருந்துகள் அங்கே நிற்கும். பயணிகள் குளித்து, இஹ்ராம் உடுத்தி, பள்ளிவாசலில் இரண்டு ரக்அத் தொழுது, நிய்யத் வைத்துப் புறப்படுவார்கள். ரயில் அங்கே நிற்காது. கிளம்பிச் சிறிது நேரத்திலேயே அதன் நேர்க்கோட்டைக் கடந்துவிடும். இஹ்ராம் இல்லாமல் அதைத் தாண்டியவர் திரும்பி வந்து மீக்காத்தில் நிய்யத் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பரிகாரமாகப் பலி கொடுக்க வேண்டிவரும். ரயிலிலோ திரும்பி வரும் வாய்ப்பு கிடையாது.

ஆகவே, ரயிலில் வருகிறவர்கள் விடுதி அறையிலேயே குளித்து, ஆண்கள் நறுமணம் பூசுவதாக இருந்தால் நிய்யத்துக்கு முன்பே உடலில் பூசிக்கொண்டு, இஹ்ராம் துணியையும் அங்கேயே உடுத்திவிட வேண்டும். ரயிலின் கழிப்பறையில் உடை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அந்த இடம் அதற்குப் போதாது, நேரமும் போதாது. இரண்டு ரக்அத்தை அறையிலோ நபியவர்களின் பள்ளியிலோ தொழுதுகொள்ளலாம். நிய்யத்தை ரயில் கிளம்பும்போதே வைத்து, “லப்பைக்” என்று தொடங்கும் தல்பியாவைச் சொல்லத் தொடங்கிவிடுவது பத்திரமான வழி. மீக்காத்துக்குச் சற்று முன்பாக நிய்யத் வைத்தாலும் இஹ்ராம் செல்லும். பெட்டிக்குள் வரும் அறிவிப்பை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கூட்டப் பேச்சில் அது காதில் விழாமல் போகலாம். மூத்தவர்களுக்கு மொழியும் புரியாது. ராபிக் பக்கம் வரும்போது நிய்யத் வைத்துக்கொள்ளலாம் என்று உடன்வருகிறவர்கள் யாராவது சொன்னால், உங்கள் ஆலிமிடம் கேட்காமல் அதன்படி செய்யாதீர்கள். மாதவிடாயில் இருக்கும் பெண்களும் உம்ராவுக்கு வருவதாக இருந்தால் மற்றவர்களைப் போலவே நிய்யத் வைத்துக்கொண்டு மீக்காத்தைக் கடக்க வேண்டும். தூய்மையாகும் வரை தவாஃபைத் தள்ளிவைக்க வேண்டும். இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, அந்தப் பெண் இஹ்ராம் இல்லாமலே ரயிலேறிவிடுவதும் நடக்கிறது. குழுவில் மூத்த பெண் ஒருவர் முதல் நாளே எல்லாப் பெண்களிடமும் இதைப் பேசிவிட வேண்டும்.

இவ்வளவையும் சொன்ன பிறகும், துல்ஹுலைஃபாவில் இறங்கி நிய்யத் வைக்கும் வாய்ப்பை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நபியவர்கள் இஹ்ராம் அணிந்த இடம் அது. முதல்முறை வரும் மூத்தவர்களுக்கு அந்தப் பள்ளியின் முற்றத்தில் நின்று தல்பியா சொல்வது வாழ்நாளுக்கும் நினைவில் நிற்கும். நானும் என் தாயாருக்காக அந்தத் திசைக்கு மட்டும் வாடகைக் காரை எடுத்தேன். நாங்கள் விரும்பிய இடங்களில் அது நின்றது. பெட்டிகளை ஓட்டுநரே ஏற்றி இறக்கினார். மக்காவில் விடுதி வாசல் வரை வந்தது. ஆகவே ஒரு திசையில் மட்டும் ரயில் எடுக்க வசதி இருக்கிறவர்கள் மக்காவிலிருந்து மதீனாவுக்கு ரயிலிலும், மதீனாவிலிருந்து மக்காவுக்குக் காரிலும் வருவதே மூத்தவர்களுக்கு மிகப் பொருத்தமானது என்பது என் முடிவு. இரண்டாம் முறை, மூன்றாம் முறை வருகிறவர்களும், நெடுநேரம் உட்கார்ந்தே இருக்க முடியாத அளவுக்கு முதுகுவலி உள்ளவர்களும் இரு திசையிலும் ரயிலையே எடுக்கலாம்.

நாற்பது, ஐம்பது பேராகச் செல்லும் குழுக்களுக்கு ரயில் ஒத்துவராது. அத்தனை பேரின் பெட்டிகளையும் நடைமேடை வரை கொண்டுசேர்ப்பதற்குள் வழிநடத்துபவர் களைத்துவிடுவார்; ஒருவர் தாமதித்தாலும் அவரை விட்டுவிட்டு ரயில் போய்விடும். அந்தக் குழுவில் உள்ள மூத்தவர் ஒருவரை மட்டும் மகனோடோ மகளோடோ ரயிலில் அனுப்பிவிட்டு, அவர்களின் பெரிய பெட்டிகளைப் பேருந்திலேயே ஏற்றிவிட முடியுமா என்று முகவரிடம் கேட்டுப் பாருங்கள். கேட்டால் ஒத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். தாமாக முன்வந்து சொல்வதுதான் அரிது.

ஜித்தாவில் இறங்கி முதலில் மதீனாவுக்குச் செல்லத் திட்டமிட்டிருப்பவர்களுக்கு, விமான நிலையத்திலிருந்தே ஏறும் வசதி பெரும் உதவி. மக்காவுக்குப் போகும் நோக்கம் அப்போது இல்லாததால் ஊரிலிருந்து இஹ்ராமோடு வர வேண்டியதில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் மதீனா சேர்ந்துவிடலாம். ஆனால் ரயில் நிலையம் முதலாம் முனையத்தோடு இணைந்திருக்கிறது. உம்ரா பயணிகளின் விமானங்கள் பலவும் ஹஜ் முனையத்திலோ வடக்கு முனையத்திலோ இறங்கும்; அங்கிருந்து முதலாம் முனையத்துக்கு வண்டியில்தான் வர வேண்டும். உங்கள் விமானம் எந்த முனையத்தில் இறங்குகிறது என்பதை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொண்டு, குடியேற்றச் சோதனைக்கும் பெட்டி வரும் நேரத்துக்கும் சேர்த்துக் குறைந்தது நான்கு மணி நேரம் இடைவெளி விட்டு ரயிலைப் பதிவு செய்யுங்கள். ஊர் திரும்பும் நாளில் விமானம் வேறு முனையத்திலிருந்து கிளம்புவதாக இருந்தால், மூத்தவர்களோடு இருப்பவர்கள் ரயிலை விட்டுவிட்டு மக்கா விடுதியிலிருந்து நேராக அந்த முனையத்துக்கே காரில் போய்விடுவது நல்லது. தூரமும் அதிகமில்லை, பெட்டிகளை இரண்டு முறை ஏற்றி இறக்கும் பாடும் இல்லை.